தியேட்டர்ல நாம கைவிட்ட படம், மொபைல்ல எப்படி ‘கல்ட்’ ஆச்சு? அரியலூர்ல இருந்து ஒரு ‘ஆயிரத்தில் ஒருவன்’ கதை!

ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்ணிட்டே இருக்கீங்க. திடீர்னு உடம்பு முழுக்கக் கருமை பூசிய பார்த்திபன், பின்னாடி ஜி.வி.பிரகாஷ் மியூசிக். கீழே கமென்ட்ல ஒருத்தர், ‘இதெல்லாம் அப்பவே ஓடியிருக்கணும் ப்ரோ’னு எழுதியிருப்பார். அதுக்குக் கீழே இன்னொருத்தர் ஒரே வார்த்தையில் முடிச்சிருப்பார், ‘கல்ட்!’

இந்த வார்த்தையை இப்போ எல்லாரும் எல்லாத்துக்கும் போடுறோம். போன மாசம் வந்த படத்துக்கே ‘கல்ட் கிளாசிக்’னு போஸ்டர் அடிக்கிறாங்க. உண்மையில் ஒரு படம் எப்போ கல்ட் ஆகுது? நல்ல படம்னா போதுமா, ஃப்ளாப் ஆனாத்தான் ஆகுமா? இதைப் பேச சென்னையைவிட்டு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வரணும். ஏன்னு போகப்போகப் புரியும்.

2010 பொங்கல். நான் அப்போ பெரம்பலூர்ல ஸ்கூல் படிச்சுட்டு இருந்தேன். எங்க சித்தப்பாவும் அவர் ஃப்ரெண்ட்ஸும் ‘ஆயிரத்தில் ஒருவன்’ செகண்ட் ஷோ போனாங்க. ‘பருத்திவீரன்’ கார்த்திக்கு அது ரெண்டாவது படம், அதுவும் மூணு வருஷம் கழிச்சு வருது. ஆண்ட்ரியாவும் தனுஷும் பாடிய பாட்டெல்லாம் எங்க தெரு டீக்கடை வரைக்கும் ஹிட். என்னைக் கூட்டிட்டுப் போகலைங்கிற கோபத்துல, மறுநாள் காலையில் சித்தப்பா எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருந்து கேட்டேன், “படம் எப்படி சித்தப்பா?”

“மொத பாதி சூப்பரு. ரெண்டாவது பாதி என்ன பேசுறானுங்கன்னே புரியல. தலை வலிக்குது, ஒரு டீ போடச் சொல்லு.”

தமிழ்நாடு முழுக்க அன்னைக்கு சொல்லப்பட்ட தீர்ப்பும் கிட்டத்தட்ட இதுதான்.

சினிமா வியாபாரத்துல திருச்சி, தஞ்சாவூர் சுற்றுவட்டாரத்தை ‘டிடி ஏரியா’னு சொல்வாங்க. பெரம்பலூர், அரியலூர் ரெண்டும் அதுக்குள்ள வரும். இந்த மாதிரி ஊர்கள்ல ஒரு படத்தோட விதி மூணு நாள்ல எழுதப்பட்டுடும். வெள்ளி, சனி, ஞாயிறு... திங்கள்கிழமை காலைக்காட்சிக்கு எத்தனை பைக் நிக்குதுன்னு பார்த்தாலே தெரிஞ்சுடும். அந்தப் பொங்கலுக்கு அண்ணன் செல்வராகவன் படம் வந்த அதே நாள்லதான் தம்பி தனுஷோட ‘குட்டி’யும் வந்துச்சு. ‘எந்தப் படம் போலாம்’னு கேட்டவங்களுக்கு, ‘குழப்பமில்லாத படத்துக்குப் போ’னு சொல்ல ஆள் இருந்துச்சு. மூணு மணி நேரத்தை ஒட்டின படம், ரெண்டாவது பாதி முழுக்கப் பழந்தமிழ் வாடையடிக்கிற வசனம், ஹீரோவை ஓரமா நிறுத்திட்டு வேற ஒரு ராஜாவைப் பத்திப் பேசுற கதை. பொங்கல் கரும்போட சேர்த்துச் சாப்பிடுற ஐட்டம் இல்லைதான்.

சரி, முதல்ல அந்த வார்த்தைக்கு வருவோம்.

‘கல்ட்’னா ஒரு சின்னக் கூட்டம் ஒரு விஷயத்தை வழிபாட்டு அளவுக்குக் கொண்டாடுறது. சினிமாவுக்கு அது வந்தது அமெரிக்காவோட நள்ளிரவுக் காட்சிகள்ல இருந்து. 1975-ல் ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ன்னு ஒரு படம். ரிலீஸ் ஆனப்போ பெருசா யாரும் சீண்டலை. 1976 ஏப்ரல்ல நியூயார்க்ல வேவர்லிங்கிற தியேட்டர்ல நடுராத்திரி ஷோவா போட்டாங்க. அப்புறம்தான் கூத்து. வந்தவங்களே திரும்பத் திரும்ப வந்தாங்க. படத்துல வர்ற மாதிரி டிரெஸ் போட்டாங்க, திரையைப் பார்த்துக் கவுன்ட்டர் அடிச்சாங்க, படத்துல கல்யாண சீன் வந்தா உட்கார்ந்த இடத்துல இருந்தே அரிசி தூவினாங்க. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து தியேட்டர் ஒண்ணுல 1977-ல் இருந்து அந்தப் படம் வாராவாரம் ஓடிக்கிட்டே இருக்கு. (திரையைப் பார்த்துக் கத்துறதும், பேப்பர் கிழிச்சுப் போடுறதும் நமக்கு முதல் நாள் முதல் ஷோ விஷயம். அவங்க பல மாசம் கழிச்சுக் கண்டுபிடிச்சதை நாம காலங்காலமா இலவசமா செய்றோம்.)

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ, ‘காஸாபிளாங்கா’ படத்தை வெச்சு 1980-களில் ஒரு விஷயம் எழுதினார். ஒரு படம் கல்ட் ஆகணும்னா அதைத் துண்டு துண்டா உடைக்க முடியணும். மொத்தப் படமும் கச்சிதமா, ஓட்டை இல்லாம இருக்கணும்னு அவசியமில்லை. ஒரு சீன், ஒரு வசனம், ஒரு பார்வைன்னு பிச்சு எடுத்துட்டுப் போய் நம்ம வாழ்க்கையில ஒட்டிக்க முடியுதா, அதுதான் கேள்வி. மீம்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே மீம் பத்தி எழுதிட்டுப் போயிட்டார் மனுஷன். ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்து கான்ட்ராக்டர் நேசமணி, படம் வந்து 18 வருஷம் கழிச்சு 2019-ல் உலக அளவுல டிரெண்டானாரே, அது இந்த உடைச்சு எடுக்கிற வேலைதான்.

ஆனா இங்க ஒரு கோடு போட்டுக்கணும். ‘ஃப்ரெண்ட்ஸ்’ சூப்பர் ஹிட் படம். ‘கில்லி’யும் அப்படித்தான். 2024 ஏப்ரல்ல ‘கில்லி’ மறுபடி ரிலீஸ் ஆகி தியேட்டர்களைத் திருவிழா ஆக்குச்சே, அது கல்ட்டானு கேட்டா, என் பதில் இல்லை. அது பழைய ஹாஸ்டல் மேட்ஸ் ரீயூனியன் மாதிரி. 2004-லயே எல்லாரும் கொண்டாடின படத்தை, 2024-ல் எல்லாரும் சேர்ந்து மறுபடி கொண்டாடினோம். கல்ட்ல ஒரு பாவமன்னிப்பு இருக்கும். ‘உன்னை அன்னைக்கு நாங்க கண்டுக்கலை, மன்னிச்சிடு’ங்கிற குற்ற உணர்ச்சி, அதோட ‘நான் மட்டும் கண்டுபிடிச்சேன்’கிற பெருமை. ரெண்டும் கலந்த ஒரு போதை அது.

தமிழ்ல இதுக்கு நீண்ட வரலாறு இருக்கு. 1954-ல் ஏவி.எம் தயாரிச்சு, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கின ‘அந்த நாள்’. ஒரே ஒரு பாட்டுகூட இல்லாத முதல் தமிழ்ப் படம். சிவாஜி கணேசன் அதுல தேசத்துரோகி. ஒரு கொலையை ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கோணத்துல சொல்ற ‘ரஷோமோன்’ பாணிக் கதை. பத்துப் பாட்டு கேட்டுப் பழகின ரசிகர்களுக்கு அது ருசிக்கலை. இன்னைக்கு சினிமா படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதல் பத்து தமிழ்ப் படத்துல அதைச் சொல்லும்.

அப்புறம் ‘குணா’. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோட மோதின படம். அதுக்கு மறுபிறவி கொடுத்தது 2024-ல் வந்த ஒரு மலையாளப் படம். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பார்த்துட்டு வந்த பசங்க ‘குணா’வைத் தேடித் தேடிப் பார்த்தாங்க. கொடைக்கானல்ல இருக்கிற அந்தக் குகைக்கே படத்தோட பேர் ஒட்டிக்கிட்டது பல வருஷம் முன்னாடியே நடந்த கதை. படம் தியேட்டரை விட்டுப் போன பிறகும் பேர் மலை மேலயே தங்கிடுச்சு.

‘அன்பே சிவம்’ கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2003 பொங்கல். விக்ரமோட ‘தூள்’ பட்டையைக் கிளப்பிட்டு இருந்த நேரம். புவனேஸ்வர்ல மாட்டிக்கிட்ட ரெண்டு பேர் சென்னைக்கு வர்ற கதையைப் பார்க்க தியேட்டருக்குக் கூட்டம் வரலை. அந்தப் படத்தைக் காப்பாத்தினது டி.வி. விடுமுறை நாள் மத்தியானம், சாப்பிட்டுட்டு சும்மா படுத்திருந்தவங்க பாதியில இருந்து பார்க்க ஆரம்பிச்சாங்க. விளம்பர இடைவேளைகளுக்கு நடுவுலயே ஒரு படம் மக்கள் மனசுல உட்கார்ந்துச்சுன்னா அது ‘அன்பே சிவம்’தான். ஹாலிவுட்ல ‘தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்’ படத்துக்கு நடந்ததும் இதேதான். 1994-ல் தியேட்டர்ல சுருண்ட படத்தைக் கேபிள் டி.வி-தான் தூக்கி நிறுத்துச்சு.

இதுல கவனிங்க. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு கருவி இருக்கு. எங்க அப்பா காலத்துக்கு மறு வெளியீடு. சித்தப்பா காலத்துக்கு டி.வி. எனக்கு பென் டிரைவ். உங்களுக்கு ரீல்ஸ்.

ஆமா, பென் டிரைவ். திருச்சியில காலேஜ் ஹாஸ்டல்ல, ஒரு பரீட்சைக்கு முந்தின ராத்திரி, சீனியர் அக்கா ஒருத்தங்க கொடுத்த பென் டிரைவ்லதான் நான் ‘ஆயிரத்தில் ஒருவன்’ முழுசா பார்த்தேன். லேப்டாப்பைச் சுத்தி ஆறு பேர். இடைவேளைக்கு அப்புறம் யாரும் பேசலை. அது திருட்டுப் பிரதி. அதைச் சொல்லாம விட்டா இந்தக் கட்டுரை பொய் ஆகிடும். நாங்க கொண்டாடின அந்தப் படத்துக்கு நாங்க ஒரு ரூபாய்கூடக் கொடுக்கலை.

அரியலூருக்கு வருவோம்.

படம் எங்க ஆரம்பிக்குதுன்னு ஞாபகம் இருக்கா? 1279. பாண்டியர்கள் கிட்ட சோழர்கள் தோத்துட்டாங்க. பாண்டியர் குலதெய்வச் சிலையையும், ஒரு சோழ இளவரசனையும் தூக்கிக்கிட்டு ஒரு கூட்டம் கடல் தாண்டித் தப்பிக்குது. வியட்நாம் பக்கத்துல ஒரு தீவுல 700 வருஷத்துக்கும் மேல ஒளிஞ்சு வாழுது. என்னைக்காவது தஞ்சையில இருந்து தூதுவன் வருவான், நம்மளை ஊருக்குக் கூட்டிட்டுப் போவான்னு காத்திருக்கு. தூதுவன்னு வந்து நிக்கிறவன், மெட்ராஸ்ல மூட்டை தூக்குற முத்து.

இதுல 1279 கற்பனை இல்லை. கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் இராஜேந்திரனோட காலம் முடிஞ்ச வருஷம் அது. ஆனா படத்துல எல்லாரும் ‘தஞ்சை, தஞ்சை’னு ஏங்குறாங்களே, அங்கதான் ஒரு அரியலூர்க்காரங்களுக்கு லேசா சுருக்குன்னு இருக்கும். ஏன்னா சோழர்களோட தலைநகரம் தஞ்சாவூர்ல இருந்து மாறி ரெண்டரை நூற்றாண்டு ஆகியிருந்துச்சு. முதலாம் இராஜேந்திரன் கங்கை வரைக்கும் படை அனுப்பி ஜெயிச்ச பிறகு, 1025 வாக்குல உருவாக்கின கங்கைகொண்ட சோழபுரம்தான் அதுக்கப்புறம் சோழர்களோட தலைநகரம். அது இன்னைக்கு அரியலூர் மாவட்டத்துல, ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு கிராமம். படத்துல அந்த ஜனங்க திரும்பிப் போக ஏங்குற வீடு, கறாரா பார்த்தா, நம்ம ஜெயங்கொண்டம் ரோட்டுலதான் இருக்கு!

அந்த ஊருக்கு நேர்ல போனீங்கன்னா படம் இன்னும் வேற மாதிரி புரியும். சுமார் 55 மீட்டர் உயரத்துக்கு நிக்குது கோயில் விமானம். 2004-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. தஞ்சாவூர் கூட்டம் இங்க இருக்காது. புல்தரையில படுத்துட்டு அந்த விமானத்தை அண்ணாந்து பார்க்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா கோயிலைச் சுத்தி இருந்திருக்க வேண்டிய தலைநகரம் எங்க? கொஞ்சம் தள்ளி மாளிகைமேடுன்னு ஒரு இடம். பேர்லயே மாளிகை இருக்கு. மண்ணுக்கு மேல மாளிகை இல்லை. தொல்லியல் துறை தோண்டின குழிகள்ல செங்கல் அடித்தளம் மட்டும் வரிசை வரிசையா தெரியுது. கோயிலோட வெளிச்சுவர்க் கற்கள் 1836-ல் கொள்ளிடத்துல கீழணை கட்டுறதுக்காகப் பெயர்த்து எடுத்துட்டுப் போகப்பட்டது. ஒரு பேரரசோட தலைநகரம், அணைக்கட்டுக்குக் கல் சப்ளை பண்ற இடமா ஆன கதை அது. அந்த வெறுமையைப் பார்த்துட்டு வந்து, படத்துல பசியோட, அழுக்கோட, இருட்டுக்குள்ள கிடக்கிற அந்தச் சோழ ஜனங்களைப் பாருங்க. ‘சோழ ராஜான்னா தங்கமும் பட்டும் பளபளக்க வேணாமா’ன்னு 2010-ல் கேட்ட கேள்வி அபத்தமா தெரியும். பெருமையைக் காட்டுற ராஜா கதை நமக்கு நிறைய இருக்கு. தோத்துப்போன ராஜாவோட பசியைக் காட்டின கதை அதிகம் இல்லை.

இன்னொரு விஷயம், அந்தப் படம் வந்த நேரம். ஈழத்துல போர் முடிஞ்சு எட்டே மாசம். கடைசி அரை மணி நேரத்துல துப்பாக்கியோட வர்ற ராணுவம் அந்த ஜனங்களையும் பெண்களையும் என்ன செய்யுதுன்னு பார்த்தவங்க, அதை வெறும் 1279 கதையா பார்க்கலை. இங்கேயும் வெளிநாடுகள்லயும் இருக்கிற தமிழர்கள் பலர் அதை முள்ளிவாய்க்கால் கதையாவே வாசிச்சாங்க. வைரமுத்து எழுதின ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டு, ஊரை விட்டு வந்தவங்க கேட்கும்போது வேற பாட்டா மாறுது. ஒரு படம் பொழுதுபோக்குங்கிற இடத்துல இருந்து நகர்ந்து, ஒரு கூட்டத்தோட சொந்த வலியைத் தூக்கிச் சுமக்க ஆரம்பிச்சா, அப்புறம் அதை யாராலும் அந்தக் கூட்டத்துக்கிட்ட இருந்து பிடுங்க முடியாது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ கல்ட் ஆனதுக்கு நான் முதல் காரணமா இதைத்தான் சொல்வேன். பார்த்திபனோட நடிப்பு, ராம்ஜி கேமரா, ஜி.வி.பிரகாஷோட பின்னணி இசைன்னு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

புரியாத வசனம்னு திட்டினாங்களே, அதுவே பின்னாடி ப்ளஸ் ஆச்சு. தியேட்டர்ல ஒரு வரி புரியலைன்னா அது போயிடும். மொபைல்ல பின்னாடி தள்ளிக் கேட்கலாம். சப்டைட்டில் போடலாம். யூடியூப்ல ஒருத்தர் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்வார், அதைக் கேட்டுட்டு மறுபடி பார்க்கலாம். ஒரு தடவையில தீர்ந்துபோகாத படங்கள்தான் கல்ட் ஆகுது. கதவைத் திறந்தா உள்ள இன்னொரு கதவு இருக்கணும்.

அதுக்காகக் குறையே இல்லாத படமான்னு கேட்டா, அடிக்க வராதீங்க, இருக்கு. கிராஃபிக்ஸ் சில இடங்கள்ல அன்னைக்கே பல்லிளிச்சுது. முதல் பாதியில் அந்த ரெண்டு ஹீரோயின்களை வெச்சு நடக்கிற சில்மிஷக் காமெடி இன்னைக்குப் பார்க்க சங்கடமா இருக்கு. காட்டுவாசிகள்னா நரமாமிசம் தின்பாங்கன்னு காட்டுற பழைய வழக்கம் இதுலயும் உண்டு. கல்ட் ரசிகர்கள் கிட்ட இதைச் சொன்னா ‘உனக்குப் படம் புரியலை’னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அது ஒரு வியாதி. ஒரு படத்தை நேசிக்கிறதுக்கு அது குற்றமற்றதுன்னு சாதிக்கணும்னு அவசியமில்லை.

இப்போ பணக் கணக்கு. 2021 ஆகஸ்ட்ல செல்வராகவன் ட்விட்டர்ல ஒரு உண்மையைப் போட்டு உடைச்சார். படத்தோட நிஜ பட்ஜெட் 18 கோடி. பெரிய படம்னு பேச வைக்க 32 கோடின்னு அறிவிச்சிருக்காங்க. போட்ட காசை வசூல் எடுத்தும், 32 கோடிக் கணக்கை வெச்சுப் பார்த்த எல்லாரும் ‘சுமார்’னு முத்திரை குத்திட்டாங்க. அதை முட்டாள்தனம்னு அவரே சொல்லிக்கிட்டார். அதாவது நாம இத்தனை வருஷமா ‘ஃப்ளாப்’, ‘ஃப்ளாப்’னு சொன்ன படம், கணக்குப்படி முழு ஃப்ளாப்பே இல்லை. தெலுங்குல ‘யுகானிக்கி ஒக்கடு’ன்னு போனப்போ அங்க நல்லாவே வரவேற்பு. அதே படம், அதே வருஷம், பக்கத்து மாநிலம். கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்தப் பேருக்கே ஒரு ராசி இருக்குபோல. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதல்முறையா ஜோடி சேர்ந்த 1965 ‘ஆயிரத்தில் ஒருவன்’, டிஜிட்டலுக்கு மாத்தி 2014-ல் மறுபடி ரிலீஸாகி சென்னையில 100 நாளைத் தாண்டி ஓடுச்சு. செல்வராகவனோட ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2021 டிசம்பர் 31-ல் மறுபடி தியேட்டருக்கு வந்தது. (மறு ரிலீஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. அரியலூர் மாவட்டமே ரீ-ரிலீஸ் ஆனதுதான் தெரியுமா? 2001-ல் பெரம்பலூர்ல இருந்து பிரிச்சு உருவாக்கி, 2002-ல் மறுபடி அதோடவே சேர்த்து, 2007 நவம்பர்ல திரும்பவும் தனி மாவட்டம் ஆக்கினாங்க. ரெண்டாவது ரிலீஸ்ல ஹிட்!)

அந்த மறு ரிலீஸுக்கு சித்தப்பாவைக் கூட்டிட்டுத் திருச்சிக்குப் போனேன். இந்த முறை டிக்கெட் என் காசு. ஹவுஸ்ஃபுல். பக்கத்து சீட்ல இருந்த பையன் 2010-ல் பால்வாடி போயிருப்பான், ஒவ்வொரு வசனத்தையும் பார்த்திபனுக்கு முன்னாடி சொல்றான். ரெண்டாவது பாதி முழுக்க சித்தப்பா அசையாம பார்த்தார். வெளிய வந்ததும் டீ குடிச்சுக்கிட்டே என்கிட்ட சொன்னார், “நான் அப்பவே சொன்னேன்ல, நல்ல படம்னு.”

சொல்லவே இல்லை. ஆனா அவர் பொய் சொல்றதாவும் தோணலை. நாம எல்லாருமே இப்படித்தான் நம்ம ஞாபகத்தை எடிட் பண்ணிக்கிறோம். இன்னைக்கு ‘அன்பே சிவம்’ தியேட்டர்ல பார்த்தேன்னு சொல்ற எல்லாரும் நிஜமாவே பார்த்திருந்தா, அது வெள்ளி விழா கண்டிருக்கும்.

இந்த லேட் பாராட்டுல படைப்பாளிக்கு என்ன லாபம்? தியாகராஜன் குமாரராஜாவோட ‘ஆரண்ய காண்டம்’ 2011 ஜூன்ல வந்தது. சென்சார்ல சிக்கி, போராடி, ஒருவழியா தியேட்டருக்கு வந்து, வந்த வேகத்துல போயிடுச்சு. சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த எடிட்டிங்னு ரெண்டு தேசிய விருது. ஒரு தலைமுறை உதவி இயக்குநர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். ஆனா அவரோட அடுத்த படம் ‘சூப்பர் டீலக்ஸ்’ வர 2019 ஆச்சு. நடுவுல எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் நாம ‘கல்ட் மச்சி’னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு இருந்தோம். ‘ஆயிரத்தில் ஒருவன் 2’, தனுஷ் நடிக்க 2024-ல் வரும்னு 2021 புத்தாண்டு அன்னைக்கு போஸ்டர் விட்டாங்க. 2024 வந்துச்சு, போச்சு. படம் வரலை. லைக் போட்டா புரொட்யூசருக்கு வட்டி கட்ட முடியாது பாஸ்.

இதுக்கு நடுவுல இன்னொரு வகைக் கல்ட்டும் இருக்கு. மோசமா எடுக்கப்பட்டதாலேயே கொண்டாடப்படுற படங்கள். அமெரிக்காவுல 2003-ல் வந்த ‘தி ரூம்’ அதுக்கு உலக உதாரணம். நம்ம ஊர்ல 2007-ல் வந்த சாம் ஆண்டர்சனோட ‘யாருக்கு யாரோ’. யூடியூப் நமக்குப் புதுசா இருந்த காலத்துல அந்தப் பாட்டைப் பார்த்துச் சிரிக்காதவங்க கம்மி. சிரிச்சது தப்பில்லை. ஆனா திரும்பத் திரும்பப் பார்த்தோம்ல, அதுல கேலி மட்டும்தான் இருந்துச்சான்னு நேர்மையா யோசிச்சுப் பாருங்க. தெரியாத வேலையை முழு மனசோட ஒருத்தர் செய்யும்போது அதுல ஒரு வெள்ளந்தித்தனம் தெரியும். பல கோடி செலவுல எடுத்த எத்தனையோ சுமாரான படங்கள்ல அது இருக்காது. அதனாலதான் அந்தச் சுமாரான படங்களை மறந்துட்டோம், இதை மறக்கலை.

தூரமும் ஒரு படத்தைக் கல்ட் ஆக்கும். இங்க ஹிட்டான ரஜினியோட ‘முத்து’, 1998-ல் ஜப்பான்ல ரிலீஸாகி அங்க ஒரு தனி ரசிகர் கூட்டத்தையே உருவாக்குச்சு. நமக்கு அது தீபாவளிப் படம். அவங்களுக்கு அது வேற கிரகத்துல இருந்து வந்த படம். வேற வேற ஊர்ல ஒரே படம் வேற வேற படமா இருக்கு.

சரி, ‘இது கல்ட் படம்’னு அடுத்த முறை யாராவது சொன்னா எப்படிச் சரிபார்க்கிறது? நான் வெச்சிருக்கிற அளவுகோல் ரொம்ப சிம்பிள். படம் வந்து பத்து வருஷமாவது ஆகியிருக்கணும். விளம்பரம் எதுவும் இல்லாம, ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குக் கைமாத்திக் கொடுத்திருக்கணும். அந்தப் படத்தைப் பத்தி சண்டை இன்னும் முடியாம இருக்கணும். இதுல மூணாவதுதான் முக்கியம். எல்லாரும் ஒத்துக்கிட்ட படம் கிளாசிக். இன்னும் டீக்கடையில சண்டை போடுற படம்தான் கல்ட். ‘புதுப்பேட்டை’ 2006-ல் வந்துச்சு. கொக்கி குமார் செஞ்சது சரியா தப்பான்னு எங்க ஆபீஸ்ல போன வாரம்கூட ரெண்டு பேர் பேசாம இருந்தாங்க.

‘பொன்னியின் செல்வன்’ வந்தப்போ இந்தச் சண்டைக்கு மறுபடி எண்ணெய் ஊத்தின மாதிரி ஆச்சு. ‘சோழர் படம்னா எது’ன்னு ஒரு வாரம் டைம்லைன் பத்தி எரிஞ்சுது. ரெண்டு படத்துலயும் கார்த்தி இருக்கார். ரெண்டுலயும் பார்த்திபன் இருக்கார், அங்க சோழ ராஜா, இங்க சின்னப் பழுவேட்டரையர். அந்தப் பழுவூர் எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? கீழப்பழுவூர், மேலப்பழுவூர் ரெண்டுமே அரியலூர் மாவட்டம்தான். கோடம்பாக்கம் சோழர்களுக்காகச் சாலக்குடி, ஜெய்சல்மர், ராமோஜி ஃபிலிம் சிட்டின்னு சுத்திட்டு இருக்கு. நிஜ சோழர்கள் எங்க ஊர் டவுன் பஸ் ரூட்ல இருக்காங்க.

வண்டி இருந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்க. காலையிலேயே பெரம்பலூர் பக்கம் சாத்தனூர் போயிடுங்க. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தின மரம் ஒண்ணு கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கு. ஒரு காலத்துல கடல் அங்க வரைக்கும் இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு அரியலூர், கீழப்பழுவூர் எல்லாம் சுத்திட்டு, வெயில் தாழ கங்கைகொண்ட சோழபுரம். கோயிலைப் பார்த்த கையோட திரும்பிடாம, மாளிகைமேட்டுக்கும் போங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க, நிழல் கம்மி. அங்க அந்தச் செங்கல் வரிசைக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஹெட்செட் மாட்டி ‘தாய் தின்ற மண்ணே’ போட்டுக் கேளுங்க. சித்தப்பாவை அங்க கூட்டிட்டுப் போய் அதைத்தான் செஞ்சேன். பாட்டு முடியிற வரைக்கும் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா கேட்டார், “ஏம்மா, அந்த ரெண்டாவது பாகம் எப்பதான் எடுப்பானுங்க?”